அவனுக்கும் பயமாக இருந்தது!

2004, டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. தாய்லாந்தின் புக்கெட் தீவில், மைக்காவ் என்கிற கடற்கரையில் ஓர் ஆங்கிலேயக் குடும்பம் காலாற நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள். பத்து வயது மகள் டில்லி ஸ்மித் திடீரென்று நின்றாள். கடலையே உற்றுப் பார்த்தாள். ஏதோ சரியில்லை! வந்த தண்ணீர் வழக்கம்போலத் திரும்பிப் போகாமல், மேலே மேலே ஏறிக்கொண்டே வந்தது. நுரை நுரையாக, அடுப்பில் வைத்த மாதிரி குமிழ் விட்டுக்கொண்டு...

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்குப் பொறிதட்டியது. எங்கே? பள்ளிக்கூடத்தில்! இரண்டே வாரங்களுக்கு முன்பு, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருக்கும் அவளுடைய பள்ளியில், புவியியல் ஆசிரியர் ஆண்ட்ரூ கியர்னி ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டியிருந்தார். 1946-ல் ஹவாய்த் தீவுகளைச் சுனாமி தாக்கிய காட்சி அது. 'சுனாமி வருது!' என்று டில்லி கத்த, அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அவள் விடவில்லை. கடைசியில் அப்பா ஓடிப்போய்க் காவலாளியிடம் சொல்ல, கடற்கரை காலியானது. சுமார் நூறு பேர். அந்தக் கடற்கரையில் ஒருவர்கூடச் சாகவில்லை!

அதே நாள், அதே பூகம்பம். இந்திய நேரப்படி காலை 6.28-க்கு சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பூமி குலுங்கியது. மேற்கே புறப்பட்ட அலை வங்கக்கடல் முழுவதையும் கடந்து, ஒன்பது மணியை ஒட்டி நம் கரையைத் தொட்டது. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆனால், யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு அன்று நம்மிடம் ஏற்பாடும் இல்லை. சொல்லியிருந்தாலும் 'சுனாமின்னா என்ன?' என்றுதான் கேட்டிருப்போம். 2003-ல் வந்த 'அன்பே சிவம்' படத்தில் கமல்ஹாசன் அந்த வார்த்தையைச் சொன்னார். அப்போது நமக்கு அது ஒரு வசனம். அவ்வளவுதான்!

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம். (அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். 2019-லிருந்து செங்கல்பட்டு மாவட்டம்.) டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினமும், அணு மின் நிலையமும், அங்கே வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பும், மீனவக் குப்பங்களும் ஒரே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர். விடுமுறைக் காலை. பிள்ளைகள் வெளியே இருக்கிற நேரம். அலை டவுன்ஷிப்புக்குள்ளேயே புகுந்தது. அங்கு மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பக்கத்துக் குப்பங்களில் வீடுகள், படகுகள், வலைகள் எல்லாம் போயின. தமிழ்நாடு முழுவதும் சுமார் எட்டாயிரம் உயிர்கள்.

அணு மின் நிலையத்தில் அன்று இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீரை இழுக்கும் பம்ப் அறைக்குள் வெள்ளம் ஏறியதும், பணியில் இருந்தவர்கள் உலையை நிறுத்தினார்கள். கதிர்வீச்சுக் கசிவு எதுவும் இல்லை. உலையை எப்படி நிறுத்துவது, எப்படிக் குளிரவைப்பது என்பதற்கெல்லாம் எழுதிவைத்த வழிமுறை இருந்தது.

சரி... அலையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓடி வந்த ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் மனசை எப்படிக் குளிரவைப்பது? அதற்கு ஏதாவது வழிமுறை இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சுவையான சரித்திரம் இருக்கிறது. ஹவாய் அலையின் படம் டில்லியைக் காப்பாற்றியது, அலை வருவதற்கு முன்னால். அலை வந்துபோன பிறகு, உடைந்துபோன ஒரு பிள்ளையைத் தேற்ற ஒரு படத்தால் முடியுமா? முடியும் என்றும், தப்பாகக் காட்டினால் அதே படம் பிள்ளையை இன்னும் உடைக்கும் என்றும் சொல்கிறது அந்தச் சரித்திரம்.

முதலில் உடைக்கிற கதையைப் பார்த்துவிடுவோம். அந்த டிசம்பரில் நீங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே தெரியும். ஒரே அலை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்தது! பெரியவர்களுக்கு அது 'மறுபடி காட்டுகிறார்கள்'. நாலு வயதுக் குழந்தைக்கு? 'மறுபடி வருகிறது!'

2001, செப்டம்பர் 11-ம் தேதி நியூயார்க் கோபுரங்கள் விழுந்தபோதும் இதேதான். திரும்பத் திரும்பக் காட்டிய விமானத்தை, ஒவ்வொரு தடவையும் புது விமானம் என்றே நினைத்த சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். அதற்கு முன்பே, 1995-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்தபோது, மனநல மருத்துவர் பெட்டி ஃபெஃபர்பாம் குழுவினர் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் விசாரித்தார்கள். குண்டுவெடிப்பில் யாரையும் பறிகொடுக்காத, சத்தத்தைக்கூடக் கேட்காத பிள்ளைகளிடமும் பயத்தின் அறிகுறிகள் இருந்தன. டி.வி-யில் அதிகம் பார்த்தவர்களிடம் அதிகம்!

ஆக, திரையில் ஓடுகிற படத்துக்குக் குழந்தையின் மனசுக்குள் நேராகப் போகிற சக்தி இருக்கிறது. அந்தச் சக்தியை நல்லதுக்குப் பயன்படுத்தலாமே என்று முதலில் முயன்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உபதேசம்!

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்கப் பள்ளிகளுக்காகப் பத்து நிமிடக் குறும்படங்கள் மளமளவென்று தயாராயின. 'கரோனெட்' என்கிற நிறுவனம் இதில் கில்லாடி. 1947-ல் அவர்கள் எடுத்த 'ஷை கை' படத்தில், புதுப் பள்ளிக்கு வந்த கூச்ச சுபாவப் பையன் ஒருவன், எல்லோருக்கும் பிடித்த பையன்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று கவனித்து, தானும் அப்படியே பழகி, சட்டென்று எல்லோருக்கும் நண்பனாகிவிடுவான். சுபம்! இப்படிக் கோபத்துக்கு ஒரு படம், கூச்சத்துக்கு ஒரு படம். பின்னணியில் ஒரு கம்பீரமான பெரியவர் குரல், 'இப்படி இரு, அப்படி இருக்காதே' என்று அறிவுரை சொல்லிக்கொண்டே வரும். அடுத்த தலைமுறை இந்தப் படங்களைப் போட்டுப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது என்பது வேறு விஷயம்.

இந்தப் படங்களில் என்ன குறை? பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று அவை சொல்லின. பிள்ளைக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர், ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ராபர்ட்ஸன். டாக்டரல்ல. போர்க்காலத்தில் லண்டனில் அன்னா ஃப்ராய்ட் (ஆமாம், சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள்தான்) நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. அந்தக் காப்பகத்தில் ஒரு விதி. சமையல்காரரோ, பாய்லர்காரரோ, யாராக இருந்தாலும் குழந்தைகளிடம் கவனித்ததைச் சின்ன அட்டையில் எழுதிவைக்க வேண்டும். எழுதி எழுதியே ராபர்ட்ஸனுக்குக் குழந்தைகளைப் பார்க்கிற கண் வாய்த்தது. 1948-ல் மருத்துவர் ஜான் பௌல்பியிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில், குழந்தையைச் சேர்த்துவிட்டால் பெற்றோர் தினமும் வந்து பார்க்க முடியாது. பல இடங்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான். 'முதல் நாள் அழும். அப்புறம் பழகிடும்' என்பார்கள் நர்ஸுகள். ராபர்ட்ஸனுக்கு அது பழக்கமாகத் தெரியவில்லை. குழந்தை நம்பிக்கை இழந்து அடங்கிப்போவதாகத் தெரிந்தது. வாயால் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சினிமா கேமராவை வாங்கினார்.

1952-ல் அவர் எடுத்த படத்தின் பெயரே 'இரண்டு வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்' என்பதுதான். லாரா என்கிற குழந்தை, தொப்புளில் ஒரு சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். 'வேண்டுமென்றே அழுகிற நேரம் பார்த்து எடுத்துவிட்டாய்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, தினமும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்துப் படமெடுத்தார் ராபர்ட்ஸன். படத்தில் பெரிய அழுகை ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. அந்தக் குழந்தை அழாமல் இருக்க முயல்கிறாள். உதட்டைக் கடிக்கிறாள். 'அம்மா எங்கே?' என்று மெள்ளக் கேட்கிறாள். அதுதான் பார்ப்பவர்களைக் கொன்றது!

லண்டனில் மருத்துவர்கள், நர்ஸுகள் நிறைந்த சபையில் படத்தைத் திரையிட்டபோது பலருக்குக் கோபம் வந்தது. 'எங்கள் தொழிலையே அவமானப்படுத்துகிறான்' என்றார்கள். ஆனால், பார்த்ததை யாராலும் மறக்க முடியவில்லை. 1959-ல் பிரிட்டிஷ் அரசு நியமித்த பிளாட் குழு, குழந்தைகள் வார்டுக்குப் பெற்றோர் தடையில்லாமல் வந்துபோகலாம் என்று பரிந்துரைத்தது. அதற்கான பாதையைப் போட்டதில் ராபர்ட்ஸனின் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நம்மூர் ஆஸ்பத்திரியில் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பது நமக்குச் சாதாரணக் காட்சி. அது சாதாரணமாக இல்லாத ஊர்களும் காலமும் இருந்தன.

கவனித்தீர்களா? இது குழந்தைகளுக்கான படமே அல்ல. பெரியவர்களுக்கு, குழந்தையின் மனசைச் சொல்லிக்கொடுத்த படம். அடுத்த கட்டம், படத்தைக் குழந்தைக்கே காட்டுவது. அதைச் செய்தவர் ஆல்பர்ட் பண்டூரா.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் பண்டூரா. காற்றடைத்த ஒரு கோமாளி பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தாங்களும் அதே மாதிரி அடிக்கின்றன என்று 1961-ல் காட்டினார். 1963-ல் அதையே படமாக எடுத்துக் காட்டியபோதும் குழந்தைகள் அடித்தன. 'சினிமா பார்த்துக் கெட்டுப்போறாங்க' என்கிற நம் வீட்டுப் பெரியவர்களின் பழைய புகாருக்கு, அறிவியல் தரப்பிலிருந்து கிடைத்த சாட்சி!

ஆனால், பண்டூரா அங்கே நிற்கவில்லை. அடிப்பது தொற்றிக்கொள்ளும் என்றால், தைரியமும் தொற்ற வேண்டுமே? நாயைக் கண்டாலே அலறுகிற மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைச் சேர்த்தார். 1968-ல் வெளியான அந்த ஆய்வில், அவர்களுக்குச் சில நிமிடங்களே ஓடும் படங்களைக் காட்டினார்கள். ஒரு சிறுவன் நாயிடம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பழகுவது ஒரு வரிசை. சிறுவர்களும் சிறுமிகளுமாகப் பல பிள்ளைகள், பல அளவிலான நாய்களோடு விளையாடுவது இன்னொரு வரிசை. இரண்டையும் பார்த்த குழந்தைகளுக்குப் பயம் குறைந்தது. ஆனால், கடைசிப் பரீட்சையான 'நாயோடு தனியாக இருப்பது' என்பதில், பல பிள்ளைகளைப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

ஏன்? ஒரே ஒரு பையன் என்றால் 'அவன் தைரியசாலி, நான் இல்லை' என்று குழந்தை ஒதுங்கிவிடலாம். பலர் என்றால், அதில் யாராவது ஒருவர் தன்னை மாதிரி இருப்பார் அல்லவா!

இந்த 'தன்னை மாதிரி' என்பதுதான் முக்கியம். 1975-ல் பார்பரா மெலமெட், லாரன்ஸ் சீகல் என்கிற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதை இன்னும் துல்லியமாகப் பிடித்தார்கள். ஆபரேஷனுக்கு வந்திருந்த, நாலிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அறுபது பிள்ளைகள். அதில் பாதிப் பேருக்கு 'ஈத்தனுக்கு ஆபரேஷன்' என்கிற 16 நிமிடப் படத்தைக் காட்டினார்கள். ஏழு வயதுப் பையன் ஈத்தன் ஹெர்னியா ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்கு வருவதிலிருந்து வீட்டுக்குப் போவது வரை, எல்லாம் அவன் குரலிலேயே. மீதிப் பேருக்கு ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத வேறொரு படம்.

இந்த ஈத்தன் நம் சினிமா ஹீரோ மாதிரி முதல் காட்சியிலேயே மீசையை முறுக்கவில்லை. 'எனக்குப் பயமாத்தான் இருக்கு' என்கிற ரகம். பயப்படுகிறான், பிறகு ஒவ்வொரு கட்டமாகத் தாண்டுகிறான். அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்கு முந்தின இரவிலும், முடிந்து மூன்று நாலு வாரம் கழித்தும் பதற்றம் குறைவாக இருந்தது. உள்ளங்கை எவ்வளவு வியர்க்கிறது என்பதைக்கூட அளந்து பார்த்துச் சொன்னார்கள்!

பயமே இல்லாத பிள்ளையைத் திரையில் பார்த்தால், பயந்த பிள்ளைக்கு வெட்கம்தான் மிஞ்சும். 'அவனுக்கும் பயமா இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு' என்று தெரிந்தால்தான் தெம்பு வரும்.

ஆனால், இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பொய் சொன்ன மாதிரி. 1983-ல் மெலமெட் தன் சகாக்களோடு சேர்ந்து இன்னோர் ஆய்வை வெளியிட்டார். ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் செய்துகொண்டு அந்த வலியை அனுபவித்திருந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிப் படம் உதவவில்லை. பழைய பயத்தைக் கிளறிவிட்டது! புதிதாக வருகிறவனுக்கு மருந்தாக இருக்கிற படம், அடிபட்டவனுக்குப் புண்ணைக் கீறுவதாக ஆகலாம். யாருக்கு, எப்போது, எதைக் காட்டுகிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அதே 1983-ல், அமெரிக்கக் குழந்தைகளின் செல்லமான 'செஸமி ஸ்ட்ரீட்' டி.வி. நிகழ்ச்சியில் நடந்தது அது. மிஸ்டர் ஹூப்பர் என்கிற கடைக்காரத் தாத்தாவாக நடித்துவந்த வில் லீ, 1982 டிசம்பரில் இறந்துபோனார். என்ன செய்வது? 'தாத்தா ஊருக்குப் போய்விட்டார்' என்று சொல்லிச் சமாளிக்கலாம். வேறொரு நடிகரைப் போடலாம். தயாரிப்பாளர்கள் உளவியல் நிபுணர்களோடு உட்கார்ந்து பேசி, உண்மையையே சொல்வது என்று முடிவெடுத்தார்கள். 'பிக் பேர்ட்' என்கிற பெரிய மஞ்சள் பறவை, ஹூப்பருக்காக வரைந்த படத்தை வைத்துக்கொண்டு அவர் எப்போது வருவார் என்று கேட்கிறது. 'அவர் செத்துப்போய்விட்டார், இனிமேல் வர மாட்டார்' என்று பெரியவர்கள் தொண்டை கரகரக்கச் சொல்கிறார்கள்.

அந்தப் பகுதியை எப்போது ஒளிபரப்பினார்கள் தெரியுமா? நவம்பர் 24, 'தாங்க்ஸ் கிவிங்' பண்டிகை நாளில். அன்று அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். படம் முடிந்ததும் குழந்தை திரும்பி, 'நீயும் செத்துப்போவியா?' என்று கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டும். அதற்காகத்தான்!

நம் நாட்டுக்கு வருவோம். நேரு காலத்தில், 1955-ல் குழந்தைகள் திரைப்படச் சங்கம் ஆரம்பித்தோம். அதன் முதல் படமான கேதார் சர்மாவின் 'ஜல்தீப்' வெனிஸ் வரை போய்ப் பரிசு வாங்கியது. அந்தச் சங்கம் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1974-ல் விஜயா முலே உருவாக்கிய 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்கிற ஏழு நிமிடக் கார்ட்டூன் படத்தை, தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சேர்ந்து பறந்தால் வலையையே தூக்கிக்கொண்டு போகலாம் என்கிற பறவைகளின் கதை. அருமையான படம்தான். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். ஒற்றுமை, சுத்தம், தேசபக்தி... இப்படி நம் குழந்தைகளுக்கு நாம் காட்டியதில் பெரும்பகுதி நீதி. 'உனக்குப் பயமா இருக்கா? இருக்கட்டும், பரவாயில்லை' என்று சொன்னது குறைவு.

அதற்காக நம் ஆட்களுக்குப் பிள்ளைகளின் பயம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 'பயந்த கோளாறு' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறோமே! ராத்திரியில் அலறி எழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் மந்திரித்துக்கொண்டு வருவார்கள். விபூதி போடுவதைச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அங்கே நடக்கிற ஒரு விஷயம் முக்கியம். 'பிள்ளை பயந்திருக்கு' என்று ஊரறிய ஒப்புக்கொள்கிறார்கள். மடியில் உட்காரவைத்துத் தலையைத் தடவுகிறார்கள். 'ஆம்பளப் புள்ள அழலாமா?' என்று அதட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்!

சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனைக் குழுக்கள் தமிழகக் கடற்கரைக்கு வந்தன. ஆசிரியர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்தன. பிள்ளைகளைப் படம் வரையவிட்டார்கள், விளையாடவிட்டார்கள், கதை சொல்லவிட்டார்கள். அடிப்படை என்னவென்றால், வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை கையால் சொல்லட்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் பொறுமையாக இருக்கட்டும் என்பதுதான்.

கேமராவும் வந்தது. 'டி.வி.ஈ. ஏஷியா பசிபிக்' என்கிற அமைப்பு, இந்தியா, இலங்கை, இந்தோனேஷியா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில், சுனாமியில் பாதிக்கப்பட்ட எட்டுப் பிள்ளைகளை 2005-ம் ஆண்டு முழுவதும் மாதாமாதம் போய்ப் படம்பிடித்தது. அதில் இரண்டு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். செய்திச் சேனல்களுக்கு அலையோடு கதை முடிந்துவிட்டது. இவர்களுக்கு அலைக்கு அடுத்த நாள்தான் கதை ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் திறந்ததா, வீடு வந்ததா, அப்பா மறுபடி கடலுக்குப் போனாரா? ராபர்ட்ஸன் ஆஸ்பத்திரியில் செய்ததை இவர்கள் கடற்கரையில் செய்தார்கள் என்று சொல்லலாம்.

குப்பத்துப் பிள்ளைக்குக் கடல் பயம் என்பது நாய் பயம் போன்றதல்ல. நாயைக் கண்டால் அடுத்த தெருவில் போய்விடலாம். கடலை விட்டு எங்கே போவது? உலை கொதிக்க வேண்டுமானால் அப்பா விடிகாலையில் அந்தக் கடலில்தான் இறங்க வேண்டும். தாய் என்று கும்பிட்ட கடல் ஒரு நாள் அடித்துவிட்டது. மறுபடி அதன் பக்கத்திலேயே வாழ வேண்டும். டவுன்ஷிப் பிள்ளைகளுக்கும் ஜன்னலைத் திறந்தால் அதே அலைச் சத்தம்தான். ஆக, அவர்களுக்குத் தேவைப்பட்டது பயத்தை மறக்கடிக்கிற படமல்ல. பயத்தோடு, கவனத்தோடு, கடலிடம் திரும்பிப் போக வழிகாட்டுகிற படம்.

அப்படி ஒரு படம் பன்னிரண்டு வருடம் கழித்து வந்தது. 2016-ல் பிக்ஸார் நிறுவனத்துக்காக ஆலன் பரில்லாரோ இயக்கிய 'பைப்பர்'. ஆறு நிமிடம்தான். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. ஆஸ்கர் வாங்கிய படம்.

கதாநாயகன் ஒரு உள்ளான் குஞ்சு. மாமல்லபுரம், கல்பாக்கம் கரைகளில் குளிர்காலத்தில் அலை விளிம்பிலேயே குடுகுடுவென்று ஓடி இரை பொறுக்குமே, அந்த வகைப் பறவை. அம்மா, குஞ்சைத் தானே இரை தேடச் சொல்கிறது. தயங்கித் தயங்கிப் போகிற குஞ்சை ஓர் அலை வந்து புரட்டி எடுத்துவிடுகிறது! நடுங்கிக்கொண்டு புல்லுக்குள் ஓடி ஒளிகிறது. பசிக்கிறது, ஆனால் கால் வர மறுக்கிறது. அப்போது, சங்கைச் சுமந்து திரியும் குட்டி நண்டு ஒன்றைப் பார்க்கிறது. அலை வரும்போது நண்டு ஓடவில்லை. மணலைத் தோண்டிப் புதைந்து உட்கார்ந்துகொள்கிறது. குஞ்சும் அப்படியே செய்து பார்க்கிறது. அலை தலைக்கு மேல் போகிறது. மெள்ளக் கண்ணைத் திறந்தால்... தண்ணீருக்குள் வரிசையாக மட்டிகள்! அத்தனையும் சாப்பாடு!

பண்டூராவும் மெலமெட்டும் கண்டுபிடித்த எல்லாம் இந்த ஆறு நிமிடத்தில் இருக்கின்றன. பயப்படுகிற நாயகன், தன்னை மாதிரி சின்ன உருவம் காட்டும் வழி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுவது. திட்டாமல் எட்டத்தில் நின்று பார்க்கும் அம்மாகூட இருக்கிறாள்.

ஆனால், 1983-ன் பாடத்தையும் மறக்கக் கூடாது. அலையில் அடிபட்ட பிள்ளைக்கு, அடிபட்ட வாரத்திலேயே இதைப் போட்டுக் காட்டுவது உதவாது, கெடுதலே செய்யலாம். அந்தப் பிள்ளைக்கு அப்போது வேண்டியது சோறு, தூக்கம், பிடித்துக்கொள்ள ஒரு கை. படம் பிறகு வரட்டும்.

2022-ல் தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டம் ஆரம்பமானது. சாப்ளினின் 'தி கிட்' அந்த வரிசையில் காட்டப்பட்டது. நூறு வருடத்துக்கு முந்தைய மௌனப் படம்! திட்டத்தில் எனக்குப் பிடித்தது படத் தேர்வைவிட அதன் நிபந்தனைதான். ஆசிரியர் படத்தை முன்னதாகவே பார்த்துவிட வேண்டும், முடிந்ததும் பிள்ளைகளைப் பேசவிட வேண்டும். திரையை அணைத்த பிறகுதான் பாடம் ஆரம்பிக்கிறது என்று யாரோ புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இன்று உங்கள் வீட்டில் குறும்படங்களுக்குப் பஞ்சமே இல்லை. சாப்பிடவைக்க ஒன்று, தூங்கவைக்க ஒன்று, 'கொஞ்ச நேரம் தொந்தரவு பண்ணாம இரு' என்பதற்கு நாலு. செல்போனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். படம் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை! 1983-ல் ஒரு டி.வி. நிகழ்ச்சி பண்டிகை நாளாகப் பார்த்துப் பெற்றோரை வீட்டில் பிடித்ததே... அந்தப் பாதியைத்தான் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்று கல்பாக்கத்தில் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகள், இன்று இருபதுகளின் கடைசியில் இருக்கிறார்கள். பலர் இன்னும் அதே கடலோரத்தில். அவர்கள் வீட்டிலும் ஒரு வாண்டு இருக்கலாம். அது ஒரு நாள் அலையைக் காட்டி, 'அப்பா, உனக்குப் பயமா இருந்துச்சா?' என்று கேட்கும். அந்த அப்பா 'சேச்சே, எனக்கென்ன பயம்!' என்று சொல்லாமல், 'இருந்துச்சுடா. இப்பவும் கொஞ்சம் இருக்கு. வா, ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்க்கலாம்' என்று சொல்ல வேண்டும்.

கடலோரத்தில் இல்லாத நமக்கும் கேள்வி வரும். பரீட்சை, இருட்டு, புதுப் பள்ளி, பாட்டியின் மரணம்... பிள்ளைகளுக்கு அலைகளா இல்லை? அடுத்த தடவை உங்கள் பிள்ளை ஒரு படம் பார்க்கும்போது, ஆறே ஆறு நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்ததும் 'இதிலிருந்து என்ன நீதி?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'அந்தக் குஞ்சுக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

பிள்ளை பேசும்.